ஒரு கிலோவுக்குத் துணையாகப் போனவர்

எடை அளவுகள் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், கழிவறைக்குப் போகும் வழியில் இடப்பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவரைக் கட்டைவிரல் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. அவரும் "என்னப்பா?" என்று திரும்பிப் பார்ப்பார். கடைகளிலிருந்து வரும் தராசுகளைப் பிரித்துத் துடைத்து, பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, முத்திரை குத்தி அனுப்புவது அவர் உத்தியோகம். இருபத்தேழு வருடமாக இந்த ஊரில் யாரும் யாரையும் எடையில் ஏமாற்றாமல் இருப்பதற்கு அவரும் ஒரு காரணம். ஏமாற்றுகிறவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்பது வேறு விஷயம். அது அவர் முத்திரை குத்திய பிறகு நடப்பது.

பெயர் வந்த வரலாறு சுருக்கமானது. அலுவலகத்தில் உள் அறை என்று ஒன்று உண்டு. அதற்குள் இரட்டைக் கண்ணாடிக் கூண்டுக்கு அடியில், உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஒரு எஃகு உருளை உட்கார்ந்திருக்கிறது. எடை ஒரு கிலோ. கடைக்காரர்கள் வைத்திருக்கும் கிலோக்கள் எல்லாம் அதன் பிள்ளைகள், பேரன்கள், ஒன்றுவிட்ட பேரன்கள். அதனால் அலுவலகத்தில் அதற்குப் பெயர் பெரியவர். பெரியவரை யாரும் கையால் தொடக் கூடாது. தோல் சுற்றிய இடுக்கியால்தான் தூக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் முன்பு, கூண்டை நகர்த்தக் கைகொடுக்கப் போன இவர், கூண்டு சாய்ந்த பதற்றத்தில் கையை நீட்டிவிட்டார். கட்டைவிரல் பெரியவர் மேல் அரை நொடி பட்டது. அந்த விரலின் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு கொசு இறக்கையின் ஓரத்தளவுகூட எடை இருந்திருக்காது. ஆனால் அன்றைக்கு அலுவலகத்தில் சாவு விழுந்த மாதிரி எல்லோரும் குசுகுசுவென்று பேசினார்கள். பெரியவரை மூன்று முறை குளிப்பாட்டினார்கள். அன்றிலிருந்து அவருக்கு உள் அறைக் கதவுக்கு அந்தப்பக்கம் அனுமதி கிடையாது. உள்ளே இருக்கும் தராசு பழுதானால் அதை வெளியே கொண்டுவந்து கொடுப்பார்கள். சரிசெய்து கொடுத்தால் திரும்ப உள்ளே கொண்டுபோவார்கள். தாயை ஒளித்துவைத்துவிட்டுக் குழந்தையை மட்டும் கொடுத்து வைத்தியம் பார்க்கச் சொல்கிற மாதிரி.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பெரியவர் வெளிநாடு போவார். அவருக்கும் மேலே பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கடந்த மூன்று தடவையும் கூடப் போனவர் துணை இயக்குநர். இந்தத் தடவை கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கையில், கீழே விழுந்த ஸ்டேப்ளர் பின்னை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. இடுப்பில் ஏதோ தட்டு நழுவிவிட்டதாம். மிச்சமிருந்தவர்களில் ஒருவருக்குப் பாஸ்போர்ட் இல்லை. இன்னொருவர் லிஃப்டிலேயே கண்ணை மூடிக்கொள்கிறவர். இயக்குநர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கட்டைவிரல்தான் மிஞ்சியது.

"ஒழுங்கா கொண்டுபோய் ஒழுங்கா கொண்டுவாய்யா," என்றார் இயக்குநர். "ஒரு குறை இல்லாம முடிச்சின்னா, உள் அறைச் சாவி உனக்கும் ஒண்ணு. நானே கையெழுத்துப் போடறேன்."

கட்டைவிரலார் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கதவின் கைப்பிடியைத்தான் பார்த்திருக்கிறார்.

"பிசினஸ் கிளாஸ்," என்று இயக்குநர் சேர்த்துச் சொன்னார். "கனவு காணாதே. உனக்கில்லை."

உண்மைதான். பெட்டி நிமிர்ந்தே இருக்க வேண்டும், ஆடக் கூடாது, சுமப்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், மேலே திணிக்கக் கூடாது, காலுக்கு அடியில் தள்ளக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. சாதாரண இருக்கையில் மனிதனுக்கே அவ்வளவு சலுகை இல்லை. ஆகவே ஜன்னலோரம் அகலமான மேடை வைத்த பிசினஸ் கிளாஸ் இருக்கை. டிக்கெட் பெரியவருக்கு; துணைக்கு ஒரு ஆள். அந்த ஆளுக்குத் தனியாக ஒரு விதி: பதினாலு மணி நேரமும் பெட்டி மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. அதாவது, படுக்கையாக விரியும் நாற்காலியை வாங்கிக் கொடுத்து, அதில் தூங்காமல் போகச் சொல்லும் ஏற்பாடு. இப்படி யோசிக்க ஒரு தனி மனிதனால் முடியாது, அலுவலகத்தால்தான் முடியும்.

போய்ச் சேர்ந்ததும் பயணப் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுக்க வேண்டும். மொத்தம் பத்துக் கேள்வி. அதில் ஏழாவது: "பெட்டி எப்போதாவது சுமப்பவரின் பார்வையிலிருந்து அகன்றதா? ஆம் / இல்லை."

வீட்டிலும் ஒரு படிவம் தயாராகியிருந்தது. அவர் மனைவி பல் மருத்துவமனையில் முன்மேசையில் உட்காருகிறவர். வாயைத் திறந்து காத்திருப்பவர்களையே நாளெல்லாம் பார்ப்பதால், தானும் கேள்வி கேட்காமல் இருக்க மாட்டார். அங்கே நோயாளிகளுக்குத் தேதி எழுதிக் கொடுக்கும் அட்டையின் பின்பக்கம் பதினாலு கேள்வி எழுதிக் கொடுத்திருந்தார்.

"என்னம்மா இது?"

"நீங்க பாட்டுக்குப் போயிட்டு வந்து, எப்படி இருந்துச்சுன்னு கேட்டா 'நல்லா இருந்துச்சு'ம்பீங்க. எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க மட்டும் போயிட்டு வந்தப்பவும் அதைத்தான் சொன்னீங்க. அதான் ஒவ்வொண்ணா எழுதியிருக்கேன். கேட்டதுக்கு எதிர்ல பதில் எழுதணும்."

"நான் வேலையா போறேன்மா."

"இதுவும் வேலைதான். யாரோ சொன்னாங்கன்னு எழுதக் கூடாது. நீங்களே செஞ்சு பார்த்து எழுதணும். தராசுக்கு மட்டும்தான் சோதனையா?"

அந்த ஒரு வாக்கியத்தில் அவரைக் கட்டிப்போட்டுவிட்டார். சோதிக்காத எதற்கும் கட்டைவிரலார் அளவு எழுத மாட்டார். அது அவருடைய குணம் மட்டுமல்ல. மாடியில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற வாசகமும்கூட.

விமானம் காலை பத்தரைக்கு. ஆறரைக்கே விமான நிலையத்தில் ஆஜர். பெரியவர் வெள்ளி நிறப் பெட்டிக்குள், நுரைமெத்தைக்கு நடுவில். பெட்டியின் பக்கவாட்டில் பொத்தான் அளவு ஒரு ஒட்டுச்சீட்டு. பெட்டி சாய்ந்தாலோ அடிபட்டாலோ வெள்ளையாக இருக்கும் அது சிவப்பாகிவிடும். பெட்டியோடு சேர்த்து அவருடைய துணிப்பை ஒன்று. துணிப்பையை செக்-இன் கவுன்டரின் எடைமேடையில் வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வைங்க சார்," என்றாள் கவுன்டர்ப் பெண்.

"மேடை காலியா இருக்கு இல்லையா?"

"ஆமா."

"அப்போ ஏன் இருநூறு கிராம் காட்டுது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பச்சை எழுத்தில் 0.2 என்று இருந்தது. "பரவாயில்லை சார். உங்களுக்கு நாற்பது கிலோ வரைக்கும் உண்டு. உங்க பை ஒரு எட்டு கிலோ இருக்குமா?"

"என் பையை விடும்மா. எனக்கு முன்னாடி போனவங்க எல்லாருக்கும் இருநூறு கிராம் கூட வந்திருக்கும். பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வா. பின்னாடி ஒரு பொத்தான் இருக்கும் பார்."

"சார், பின்னாடி லைன் நிக்குது."

"அவங்களுக்காகத்தான் சொல்றேன்."

வரிசையில் நின்றவர்கள் அவரைப் பார்த்த பார்வையில் நன்றி எதுவும் தெரியவில்லை. மேலாளர் வந்தார். பொத்தானைத் தேடினார். கிடைக்காமல், மின்சாரத்தை நிறுத்தித் திரும்பப் போட்டார். 0.0 வந்தது. கட்டைவிரலார் பையை வைத்து, "ஏழு எண்ணூறு," என்று தானே படித்துவிட்டுக் கிளம்பினார். பிசினஸ் கிளாஸ் பயணி என்பதால்தான் அவரைப் பொறுத்துக்கொண்டார்கள். சாதாரண டிக்கெட்டில் வந்திருந்தால் பூஜ்ஜியத்தைப் பற்றிப் பேசும் உரிமை கிடைத்திருக்காது.

லவுஞ்ச் என்பது பெரிய காத்திருப்பு அறை என்றுதான் நினைத்திருந்தார். கதவு தானாக விலகியதும் முதலில் கவனத்துக்கு வந்தது அமைதி. வெளியே குழந்தைகள் அழ, ஒலிபெருக்கி யாரையோ கடைசித் தடவை கடைசித் தடவை என்று கூப்பிட, ஜனங்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே எவருக்கும் எந்த அவசரமும் இல்லை. எவர் முகத்திலும் சந்தோஷமும் இல்லை. நாலு திசையிலும் சாப்பாடு பரப்பி வைத்திருக்க, ஒவ்வொருவரும் தட்டில் இரண்டு துண்டுப் பழமும் ஒரு துண்டு ரொட்டியும் வைத்துக்கொண்டு அதையும் பாதியில் விட்டார்கள். வேண்டியது கேட்காமலே கிடைக்கும் இடத்தில் பசி வெட்கப்பட்டு ஓடிவிடும் போல. கட்டைவிரலார் பசியோடு வந்திருந்தார். பெட்டியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, எதிர் நாற்காலியில் தான் உட்கார்ந்து, பெட்டியைப் பார்த்தபடியே இரண்டு தட்டுச் சாப்பிட்டார்.

பக்கத்தில் இருந்த தடித்த கண்ணாடிக்காரர் பெருமூச்சு விட்டார். "ரொம்பக் கெட்டுப் போச்சு சார் இந்த இடம்."

"அப்படியா?"

"முன்னெல்லாம் இங்க எல்லாத்துக்கும் துணி நாப்கின். இப்போ பாருங்க, பேப்பர்." அவர் அந்தக் காகிதத்தை, வீட்டுக்கு வந்த கோர்ட் நோட்டீஸ் மாதிரி தூக்கிக் காட்டினார். கட்டைவிரலார் அதைத் தடவிப் பார்த்து, மிக நல்ல காகிதம் என்று முடிவு கட்டினார். கேள்வி இரண்டுக்கு எதிரில் அப்படியே எழுதிக்கொண்டார்.

நான்காவது கேள்வி அவரைத் தடுமாற வைத்தது. "லவுஞ்சில் குளிக்கலாமாமே, எப்படி இருக்கு?" குளிக்கும் அறை இருந்தது. ஆனால் ஈரக் காற்றுக்குள் பெரியவரைக் கொண்டுபோகக் கூடாது. வெளியே விட்டுவிட்டும் போக முடியாது. அங்கே துவாலை அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் போனார்.

"ஒரு சின்ன விவரம் வேணும்மா. இங்க குளிச்சா எப்படி இருக்கும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தெரியலையே சார்."

"நீ இங்கதானே வேலை பார்க்கறே?"

"ஆறு வருஷமா பார்க்கறேன். துவாலை வைப்பேன், தரையைத் துடைப்பேன். குளிச்சதில்லையே." பிறகு குரலைத் தாழ்த்தி, "குளிச்சிட்டு வர்றவங்க முகத்தை வெச்சுப் பார்த்தா, ஒண்ணும் பிரமாதம் இல்லைன்னுதான் தோணுது," என்றாள்.

"அடுத்தவங்க முகத்தை வெச்செல்லாம் எழுத முடியாதும்மா."

அவளுக்கு வேறொரு சந்தேகம் வந்தது. "அந்தப் பெட்டில என்ன சார் இருக்கு? வந்ததுலேர்ந்து அதையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க."

"ஒரு கிலோ."

"ஒரு கிலோ என்ன?"

"எதுவும் இல்லை. ஒரு கிலோ."

"தங்கமா சார்?"

"தங்கம்னா ஒரு கிலோ தங்கம்னு சொல்லியிருப்பேன். இது வெறும் ஒரு கிலோ. மத்ததெல்லாம் ஒரு கிலோவா இல்லையான்னு இதை வெச்சுத்தான் தெரியும்."

அவள் மெதுவாகப் பெட்டியின் பக்கம் வந்து, கோயில் கருவறையைப் பார்க்கிற மாதிரி எட்டிப் பார்த்தாள். பிறகு அதன் நாற்காலியின் கைப்பிடியில் ஒட்டியிருந்த ரொட்டித் தூளைத் துடைத்துவிட்டுப் போனாள். துணை இயக்குநர் உட்பட அலுவலகத்தில் எவரும் பெரியவருக்கு இவ்வளவு மரியாதை காட்டி கட்டைவிரலார் பார்த்ததில்லை.

விமானத்தில் அவருடைய இருக்கை ஒரு சின்ன அறை. பெட்டியை ஜன்னலோர மேடையில் நிமிர்த்தி வைத்து, கேப்டனின் அனுமதிக் கடிதத்தைக் காட்டி, பட்டை போட்டுக் கட்டினார்கள். பணிப்பெண் அவர் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டாள். தனக்கு முன்னால் யாரும் மண்டி போட்டுப் பழக்கம் இல்லாததால், அவரும் பாதி எழுந்து குனிந்தார். கொஞ்ச நேரம் இருவரும் ஒருவரையொருவர் வணங்கிக்கொள்வது போல இருந்தது. தண்ணீர் கேட்டார்.

"சாப்பாடு முடிஞ்சதும் படுக்கை போட்டுத் தர்றேன் சார்."

"வேண்டாம்மா. நான் தூங்கக் கூடாது."

"டாக்டர் சொன்னாரா?"

"ஆபீஸ் சொல்லியிருக்கு."

"தூங்கக் கூடாதுன்னா எதுக்கு சார் இந்த சீட்?"

"அதோ, அவருக்கு." பெட்டியைக் காட்டினார். அவள் பயணிகள் பட்டியலை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுப் புன்னகையோடு நகர்ந்தாள். அந்தப் புன்னகை பயிற்சியில் கற்றுக்கொடுக்கப்படுவது. எல்லாவிதப் பயணிகளுக்கும் பொருந்தும்.

முதல் இரண்டு மணி நேரம் அட்டை நன்றாகவே நிரம்பியது. ஐந்தாவது கேள்வி, செருப்பு கொடுப்பார்களா: ஆம், துணியில், இரண்டு காலுக்கும் ஒரே அளவு. ஆறு, கழிவறை: உள்ளே நிஜப்பூ, ஒன்று. (பெட்டியோடு போனதால் திரும்ப இடமில்லாமல் முட்டி இடித்துக்கொண்டதை எழுதவில்லை, அதைக் கேட்கவில்லை.) எட்டு, நாற்காலியில் எத்தனை பொத்தான்: பதினெட்டு. அதில் ஒன்று எதற்கென்று பணிப்பெண்ணுக்கும் தெரியவில்லை. ஒன்பது, சாப்பாட்டுக்கு மேசைவிரிப்பு போடுவார்களா: போடுவார்கள். உப்புக்கும் மிளகுக்கும் தனித்தனிக் குப்பி, இரண்டும் வெறுங்கையால் எடை பார்த்ததில் சமம்.

நடுப்பகல் பன்னிரண்டரைக்கு ஜன்னல்களை எல்லாம் மூடினார்கள். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே இருட்டு. சூரியனை வேலையை விட்டு நிறுத்திவிட்டு, சுற்றிலும் எல்லோரும் கொடுத்த பைஜாமாவைப் போட்டுக்கொண்டு, ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையாகப் படுத்துவிட்டார்கள். குளியலைத் தவிர அட்டையில் மிச்சம் இருந்தது பதினோராவது கேள்வி. மனைவி அதற்கு மட்டும் அடிக்கோடு போட்டிருந்தார்: "முழுசா படுத்தா எப்படி இருக்கு?"

படுப்பது வேறு, தூங்குவது வேறு. விதிப்புத்தகத்தில் படுக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. கண்தான் பெட்டி மேல் இருக்க வேண்டும். பக்கவாட்டில் படுத்தால் பெட்டி நேராகத் தெரியும். உட்கார்ந்து பார்ப்பதைவிட அதுதான் வசதியான கோணம் என்றுகூடத் தோன்றியது. இரண்டு நிமிடச் சோதனை. பணிப்பெண்ணைக் கூப்பிட்டார். மெத்தை விரிந்தது. போர்வை வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பன்னிரண்டு நாற்பது என்று மனதில் குறித்துக்கொண்டு, பெட்டியை உற்றுப் பார்த்தபடி தலையைத் தலையணையில் வைத்தார்.

கண் விழித்தபோது மணி ஐந்தரை.

எதிரே பெட்டி இல்லை. போர்வை மூடிய ஏதோ ஒன்று இருந்தது. ஒரே உலுக்கில் எழுந்தவர் தலை மேலே இருந்த விளக்கில் இடித்தது. போர்வையை விலக்கினார். பெட்டி இருந்தது. பட்டை அப்படியே இருந்தது. ஒட்டுச்சீட்டு வெள்ளை. மூன்று தடவை பார்த்தார். மூன்று தடவையும் வெள்ளைதான்.

"யாரும்மா போர்வை போட்டது?"

"நான்தான் சார்," என்றாள் பணிப்பெண். "விளக்கு வெளிச்சம் அந்தக் கைப்பிடில பட்டு உங்க கண்ணுல அடிச்சிக்கிட்டு இருந்தது. நீங்க அவ்வளவு அசந்து தூங்கறீங்க, எழுப்ப மனசு வரலை. பெட்டியைத் தொடலை சார். மேல போட்டதோட சரி."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டு மணி வாக்குல."

அவர் தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு மறுபடியும் கேட்டுக் குடித்தார். இறங்கும்வரை கண்ணை இமைக்கவும் பயந்து உட்கார்ந்திருந்தார். போன நேரத்துக்கு வட்டியும் சேர்த்துக் கட்டுகிறவர் மாதிரி.

தரையிறங்க முக்கால் மணி நேரம் இருக்கையில் இரண்டு படிவத்தையும் தட்டுமேசையில் வைத்தார். மனைவியின் அட்டையில் பதினொன்றுக்கு எதிரில் எழுதினார்: "தெரியவில்லை. தூங்கிவிட்டேன். தூங்கும்போது எப்படி இருந்தது என்று கவனிக்க ஆள் இல்லை. சுமார் நாலு மணி ஐம்பது நிமிடம்." அதை எழுதும்போது யோசிக்கவே இல்லை. மனைவியிடம் தூங்காததாகச் சொன்னால், முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அதற்கு வாயைத் திறக்கச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

அடுத்தது அலுவலகப் படிவம். ஏழாவது கேள்வி. பேனா "இல்லை" பக்கம் போனது. ஒட்டுச்சீட்டு வெள்ளை. தொட்டவர் எவரும் இல்லை. பார்த்தவள் ஒருத்தி, அவள் நாளை வேறொரு கண்டத்தில் வேறொருவர் முன்னால் மண்டி போட்டிருப்பாள். "இல்லை" என்று ஒரு கோடு அடித்தால் சாவி. "ஆம்" என்று அடித்தால், அடுத்த ஐந்து வருடமும் கழிவறைக்குப் போகும் வழியில் இடப்பக்கம்.

பக்கத்தில் கிடந்த அட்டை கண்ணில் பட்டது. ஒரே தூக்கத்தை ஒரு தாள் நாலு மணி ஐம்பது நிமிடம் என்கிறது. இன்னொரு தாள் பூஜ்ஜியம் என்று சொல்லப் பார்க்கிறது. ஒரே மூட்டைக்கு இரண்டு தராசு இரண்டு எடை காட்டினால் என்ன செய்வது என்று இருபத்தேழு வருடமாகக் கடைகடையாகப் போய்ச் சொன்னவர் அவர். ஒன்றைச் சரிசெய்யாமல் இரண்டுக்கும் முத்திரை குத்த முடியாது. மனைவியின் அட்டையைத் திருத்த வழியில்லை. ஆகவே "ஆம்" என்பதைச் சுழித்து, கீழே எழுதினார்: "உறங்கிவிட்டேன். நான்கு மணி ஐம்பது நிமிடம். பத்து நிமிடம் வரை குறையலாம்." கையெழுத்து கொஞ்சம் கோணிப் போனது. விமானம் குலுங்கியது என்று வைத்துக்கொள்ளலாம், குலுங்கவில்லை.

அங்கே பெட்டியை வாங்கிக்கொண்ட ஆய்வகத் தலைவி நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு அம்மாள். படிவத்தை நின்றபடி படித்தவர், ஏழாவது கேள்விக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தூங்கினீங்களா?"

"ஆமாம்மா."

"பத்து நிமிஷம் வரை குறையலாம்னு போட்டிருக்கீங்களே, அது எப்படி வந்தது?"

"படுத்த நேரம் தெரியும், எழுந்த நேரம் தெரியும். எப்போ கண் அசந்ததுங்கறது மட்டும் உத்தேசம்."

"சரியான கணக்கு," என்றார் அந்த அம்மாள், முதல் முறையாகச் சிரித்து. "எப்படி இருந்தது, அந்தப் படுக்கை?"

"அதையேதாம்மா என் வீட்டிலயும் கேட்டாங்க. தெரியலை."

சிரிப்பு ஒருபக்கம், விதி ஒருபக்கம். இயக்குநருக்குத் தகவல் போனது. போனில் இயக்குநரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "ஏன்யா எழுதினே? எவன்யா உன்னை எழுதச் சொன்னான்? 'இல்லை'ன்னு ஒரு கோடு அடிக்க வலிச்சுதா? அந்தச் சாவியை மறந்துடு. இந்த ஜென்மத்துல மறந்துடு!"

"சரிங்க சார்."

அந்த அம்மாள் விதிப்படி கூடுதலாக நாலு நாள் பெரியவரை ஓய்வில் வைத்து, இரண்டு மடங்கு ஒப்பிட்டுப் பார்த்தார். பெரியவர் கொசு இறக்கை ஓரத்தளவும் கூடவில்லை, குறையவில்லை. சான்றிதழோடு பெட்டியைத் திரும்பக் கொடுக்கும்போது, திரும்பும் பயணத்துக்கான படிவத்தில் தானே பேனாவால் ஒரு வரி சேர்த்தார்: "பெட்டி பட்டையால் கட்டப்பட்டிருக்கும் நேரத்தில் சுமப்பவர் உறங்கலாம்." கையெழுத்திட்டு முத்திரையும் வைத்தார்.

"இனிமே நிம்மதியா தூங்கிட்டுப் போங்க. அந்தப் பதினோராவது கேள்விக்கும் பதில் கிடைக்கும்."

கிடைக்கவில்லை. திரும்பும் விமானத்திலும் பட்டப்பகலில் ஜன்னல்களை மூடினார்கள். மெத்தை விரித்தார்கள். அனுமதி சட்டைப்பையில் இருந்தது. மல்லாக்கப் படுத்தார், ஒருக்களித்துப் படுத்தார், நூறு வரை எண்ணினார், மனதுக்குள் ஆடு மேய்த்தார், பைஜாமாவும் போட்டுப் பார்த்தார். ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை. கூடாது என்றபோது கூப்பிடாமலே வந்த தூக்கம், வரலாம் என்று முத்திரை குத்திக் கொடுத்ததும் அரசாங்க வேலை மாதிரி ஆகிவிட்டது. பதினாலு மணி பத்து நிமிடமும் பெட்டியைப் பார்த்துக்கொண்டே வந்தார். அதைத்தான் படிவத்தில் எழுதினார்.

திங்கள்கிழமை காலை இயக்குநர் அறையில் மேசைக்கு இந்தப்பக்கம் கட்டைவிரலார், அந்தப்பக்கம் இயக்குநர், சுவரோரமாக இடுப்பில் பட்டை கட்டிய துணை இயக்குநர். மேசை மேல் பெட்டி. அதன் பக்கத்தில் பயணக் கோப்பு. இந்தத் தடவைப் படிவங்களோடு போன மூன்று தடவைப் படிவங்களும், ஏழாவது கேள்விக்கு 'இல்லை' என்று துணை இயக்குநர் அடித்த கோட்டோடு, அதில்தான் இருந்தன.

இயக்குநர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "'உறங்க அனுமதி இருந்தும் உறங்கவில்லை. பதினான்கு மணி பத்து நிமிடம் விழித்திருந்தேன்.' என்னய்யா இது? போகும்போது குறட்டை, வரும்போது தவமா?"

"தூக்கம் வரலை சார்."

சுவரோரம் சிரிப்பு கேட்டது. "சார், இதையெல்லாம் நம்பறீங்களா?" என்றார் துணை இயக்குநர். "போகும்போது மாட்டிக்கிட்டான், இப்போ நல்ல பேர் வாங்கப் பார்க்கறான். பதினாலு மணி நேரம், அந்த மெத்தைல, அந்த இருட்டுல, ஒரு மனுஷன் கண்ணை மூடாம வர முடியுமா? நடக்கிற காரியமா? நான் மூணு தடவை போயிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

இயக்குநர் கோப்பைப் பார்த்தார். திறக்கவில்லை. திறந்து பார்த்திருந்தால்கூட அவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது. துணை இயக்குநரின் முகம், சாய்ந்துவிட்ட பெட்டியின் ஒட்டுச்சீட்டைப் போல மெதுவாக நிறம் மாறியது.

"அதாவது, நான் சொல்ல வந்தது என்னன்னா சார்..."

"இடுப்பு வலிக்கும் உங்களுக்கு," என்றார் இயக்குநர். "போய் உட்காருங்க. உங்க சீட்ல."

அவர் போனதும் இயக்குநர் வெகுநேரம் மேசை இழுப்பறையைக் குடைந்தார். பிறகு ஒரு சாவியை எடுத்து, பெட்டியோடு சேர்த்துக் கட்டைவிரலார் பக்கம் தள்ளினார். "உள்ள கொண்டுபோய் வைங்க."

"நானா சார்?"

"பின்னே, பெரியவரே எழுந்து நடந்து போவாரா?"

முதல் முறையாக 'வைங்க' என்றிருக்கிறார் என்பது கட்டைவிரலாருக்குக் கதவு வரை போன பிறகுதான் உறைத்தது.

உள் அறை அவர் நினைவில் இருந்ததைவிடச் சின்னது. லவுஞ்சில் கைகழுவும் இடம் இதைவிடப் பெரியது. சுவரில் பூச்சு ஒரு மூலையில் உப்பியிருந்தது. தரையில் அதிர்வு வராமலிருக்க ஒரு கல்மேடை, அதன் மேல் கூண்டு. கையுறை போட்டார். இடுக்கியை எடுத்து, பெரியவரைத் தூக்கி, அவருடைய இடத்தில் வைத்தார். உள்கூண்டை மூடினார், வெளிக்கூண்டை மூடினார். வேலை அவ்வளவுதான். நாலு நிமிடம் ஆகியிருக்கும்.

அவர் உடனே வெளியே வரவில்லை. கல்மேடைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தார். குழாய் எங்கிருந்து வருகிறது, விளக்கு எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள், கதவின் ரப்பர் எந்த மாதிரி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வெளியிலிருந்து கதவை யாரோ தட்டினார்கள். இயக்குநராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கதவு மிகக் கனமான கதவு. சத்தம் கேட்கவில்லை என்று சொன்னால் நம்பக்கூடியதுதான்.